வெட்டாத கிராப்பு

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் நாங்கள் என்ஜினுக்கு விறகு ஏற்றினோம். மரவள்ளிக்கிழங்கு தின்று ஓய்ந்துபோன அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் நீளக் கிராப்பு வைத்திருந்தான். சண்டைக்கு முன்னால் படங்களில் பார்த்த ஒரு நடிகரைப் போல, பிடரியில் சுருண்டு புரளும் கிராப்பு. அதற்குத் தேங்காயெண்ணெய் ஏது? சமையலுக்குக் கிடைத்த செம்பனை எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டு வருவான். அந்த வாடையில் பக்கத்தில் நிற்க முடியாது.

யார்டு வாசலில் நிற்கும் சிப்பாய்க்கு எல்லோரும் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். கிராப்புக்காரன் குனிந்தால் முடி முகத்தில் விழும். நிமிர்ந்ததும் கை தானாகச் சீப்பை எடுக்கும். அதற்காகவே அறை விழும்.

ஒருநாள் உதடு கிழிந்து வந்தவனிடம், "அந்த முடிய வெட்டித் தொலையேன்டா" என்றேன்.

"வெட்டிட்டா கட்டை தூக்குறவன் மட்டும்தான் அண்ணே மிஞ்சுவான். அவன எனக்கே பிடிக்கல லா."

கட்டையின் மறுமுனையைத் தூக்கினேன்.

சண்டை முடிந்து, கொட்டகையில் மறுபடியும் தமிழ்ப்படம் ஓடியது. அதே நடிகர்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். படம் விட்டு வெளியே வந்தபோது வாசலில் அவன் நின்றிருந்தான், கையில் சீப்போடு.

"பார்த்தியாடா, அவரே வெட்டிட்டாரு. இனி நீயும் வெட்டலாம்ல?"

அவன் சிரிக்கவில்லை. "அவருக்கென்ன அண்ணே, வெட்டினாலும் அவரு அவருதான்."

சீவிக்கொண்டே கூட்டத்தில் கலந்தான். செம்பனை எண்ணெய் வாடை கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே நின்றது.