ஈரம் இல்லை என்று எழுதிய சீட்டு

அந்த ஊரில் கறையான்காரர் என்றால் அவர் ஒருவரையே குறிக்கும். பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. வீட்டுப் பூச்சிகளை ஒழிக்கும் நிறுவனம் ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்து, இரண்டு முழங்கால்களையும் அதற்கே காணிக்கையாக்கிவிட்டவர். வீட்டுக்காரர் சொல்வதைப் பாதி கேட்பார். மீதியை மண்ணிடம் கேட்பார்.

அவ்வூர் மண் மூவகைப்பட்டது. ஆற்றோரத் தெருக்கள் மணல். அங்கே மருந்து ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றது. சிறுகச் சிறுக இரண்டு நடையாக ஊற்றினால்தான் கொஞ்சமேனும் தங்கும். மேட்டுத் தெருக்கள் செம்மண். கொடுத்ததைக் கொடுத்தபடி வாங்கி வைத்துக்கொள்ளும். கிழக்கே, ஏரியைத் தூர்த்து எழுப்பிய வீடுகளின் அடியில் கிடந்தது களிமண். கோடையில் அது விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். மழையில் உப்பிச் சுவரையே நெட்டும். பிளந்த வாய் கறையானுக்கு அரசபாட்டை. அந்த வேளையில் ஊற்றிய மருந்து வெடிப்பின் வழியே இறங்கி யார் வீட்டுக் கிணற்றையோ தேடிப் போகுமேயன்றி, சுவரடியில் ஒரு சொட்டும் நிற்காது.

ஆகவே அவர் முதலில் ஒரு பிடி மண்ணைத் தோண்டி உள்ளங்கையில் வைத்து இறுக்குவார். உதிர்ந்தால் காலம் வரவில்லை. விரலில் அப்பினால் காலம் கடந்துவிட்டது. உருண்டையாக நின்று, கட்டைவிரல் பட்டதும் இரண்டாகப் பிளந்தால் அன்றே வேலையைத் தொடங்கலாம். களிமண் தெருக்களில் அப்படிப்பட்ட நாள்கள் ஆண்டுக்குப் பத்தோ பதினைந்தோதான்.

இது மேலாளருக்கு விளங்கவில்லை.

"சார், கிழக்குப் பக்கம் மண்ணு இன்னும் வாய மூடல."

"அது மூடலைன்னா நீங்க மூடிக்கிட்டுப் போய் ஊத்துங்க."

சிரிப்பதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. கோடையில் சாக்கடையிலிருந்து ஏறும் கரப்பான், முதல் மழைக்கு முட்டையும் கையுமாக வீட்டுக்குள் குடிபுகும் எறும்பு, மறுநாள் மாலை விளக்கை மொய்க்கும் ஈசல் என்று பருவங்கள் அவரை மாற்றி மாற்றி விரட்டின. ஓய்வுக்கென்று ஒரு பருவத்தை எவரும் வகுத்து வைக்கவில்லை.

அவருடைய ஒரே தங்கை அந்தக் களிமண் தெரு ஒன்றில் குடியிருந்தாள். முந்தைய ஆண்டு அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது அவள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பேச்சு அறவில்லை, நூலாக இளைத்துப்போயிற்று.

கடுங்கோடையில் ஒரு நாள் அவளே தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, வாசக்கால் தட்டினா பொத்து பொத்துங்குது. ஒரு தடவை வந்து பாரேன்."

அன்று மாலை ஆறாவது வீடாக அங்கே போனார். கதவு பூட்டியிருந்தது. சுவரடியிலிருந்து நிலைக்கு விரல் தடிமனில் மண்குழல் ஏறியிருந்தது. மண்ணை அள்ளி இறுக்கினார், திருநீறாக உதிர்ந்தது. வழக்கமாக நிறுவனத்தின் படிவத்தில் மண், ஈரம், செய்ய வேண்டியது என்று மூன்று கட்டங்களை நிரப்புவார். படிவக் கட்டு அன்று தீர்ந்துபோயிருந்தது. பையில் கிடந்த வெற்றுத் தாளைச் சுவரில் வைத்து, மண் என்ற தலைப்பை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதினார்: "ஈரம் இல்லை. இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை." அதைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டியேறினார்.

பிறகு அவளிடமிருந்து அழைப்பே வரவில்லை. மழை பிறந்ததும் நாளுக்கு ஏழெட்டு வீடு என்றாயிற்று. உண்ணும்போதே கண் சொருகியது. ஒரு மாலை மனைவி அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க தங்கச்சிய மருந்துக்கடையில பாத்தேன். கண்ணு கலங்கிட்டா. கூடப் பொறந்தவளுக்கு மனசுல ஈரம் இல்லைன்னு எழுதி, கதவுல சொருகிட்டு வந்தீங்களாமே?"

"நானா?"

"ஆஸ்பத்திரிக்கு வரலைங்கறதுக்காக இப்படியா எழுதுவாருன்னு கேக்கறா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?"

மண்ணுக்கும் மனத்துக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்ட மொழியைக் குறை சொல்வதா, தலைப்பை விழுங்கிய தம் கையைக் குறை சொல்வதா? நிலை போனால் புது நிலை வைக்கலாம். தங்கை போனால்?

மறுநாள் காலையில் மழை ஓய்ந்திருந்தது. நிறுவனத்தில் தமக்கு உடல்நலமில்லை என்று சொல்லிவிட்டுத் துளையிடும் கருவியோடு அங்கே போனார். தங்கை வாசலை மறித்து நின்றாள்.

"ஈரம் இல்லாதவ வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?"

பிறந்தது முதல் நீ, வா, போ என்று பேசியவள். அந்த 'ங்க' அவரைச் செவிட்டில் அறைந்தது. குனிந்து, சுவரடி மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கி நீட்டினார். கட்டைவிரல் பட்டதும் உருண்டை இரண்டாகப் பிளந்தது.

"இது ஈரம். அன்னைக்கு இது இல்ல. அதைத்தான் எழுதினேன்."

உள்ளேயிருந்து அவள் கணவன் தலையை நீட்டினான். "மச்சான், மண்ணுக்கா எழுதினீங்க? ரெண்டு மாசமா இவ அதுக்கு உரை எழுதிக்கிட்டு இருக்கா. ஒரு நாளைக்கு ஒரு புது அர்த்தம்."

"நீங்க சும்மா இருங்க," என்று அவனை அடக்கிவிட்டு, அவள் அண்ணனைப் பார்த்தாள். "மண்ணுன்னு ஒரு வார்த்த போட்டிருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?"

"மறந்துட்டேன்மா."

"பக்கத்துக் கடைக்குத்தான் போயிருந்தேன். பத்து நிமிஷம் நின்னிருந்தா நானே வந்திருப்பேனே."

முழங்கால் வலி என்று சொல்ல வாயெடுத்தார். வலி உண்மைதான். ஆனாலும் அந்தத் தெருவிலேயே முன்பின் அறியாத ஒருவர் வீட்டு வாசலில் அரைமணி நேரம் காத்திருந்தது அவருக்கு நினைவிருந்தது.

"நிக்கறதுக்கு மனசு வரல," என்றார்.

அவள் வழியை விட்டு விலகினாள்.

"நடுக்கோடையில வேற ஒருத்தரக் கூப்பிட்டு ஊத்தினோம். ஒண்ணும் பலிக்கல. இப்ப அலமாரி வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் ஏதாவது செய்ய முடியுமா?"

அவர் திருப்புளியால் நிலையைக் குத்திப் பார்த்தார். அடியில் ஒரு சாண் உயரம் வெறும் தோல். அதற்குமேல் மரம் திடமாக இருந்தது. "கீழ்ப்பக்கத்த அறுத்துட்டு ஒட்டுப் போடலாம். ஆனா மருந்து இன்னைக்கே எறங்கணும். சாயங்காலம் மறுபடி மழை வரும்போல இருக்கு. வந்தா மண்ணு வாங்காது."

சுவரையொட்டி அடிக்கு ஒரு துளை வீதம் முப்பத்திரண்டு துளைகள். கணவன் அடையாளக்கோடு இழுத்தான். அவர் தரையில் அமர்ந்து, காலை நீட்டியபடியே துளையிட்டார். தங்கை கையுறை மாட்டிக்கொண்டு, அவர் சொன்ன அளவில் புனல் வழியே மருந்தை வார்த்தாள். மண் அவசரமின்றிக் குடித்தது. பதினெட்டாம் துளைக்கு வந்தபோது வானம் கிழக்கே கறுத்தது.

"அண்ணி ஆபரேஷனுக்கு நான் ஏன் வரலைன்னு நீ கேக்கவே இல்லையேண்ணா," என்றாள் அவள், புனலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னும் பதினான்கு துளைகள் இருந்தன. அவர் மேகத்தைப் பார்த்தார். பிறகு கருவியின் இரைச்சலை நிறுத்தினார்.

"சொல்லு."