நடுச்சுவரில் ஒரு ஓட்டை

இன்று காலை என் ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்குச் சுகாதார ஆபீஸ் நோட்டீஸ் வந்தது. எனக்கும் பக்கத்து வீட்டு ரோசக்காவுக்கும் பொதுவான மண்சுவரில் ஓட்டை இருக்கிறதாம். பிளேக் காலத்தில் அது எலிக்கு வழியாம். ஒரு வாரத்தில் அடைக்காவிட்டால் வீட்டை இடிப்பார்கள்.

அதைக் கொண்டுவந்த மேஸ்திரி கேட்டார். "சொந்த வூடு கட்டியும் இன்னாத்துக்குப்பா ஓட்டை?"

ரோசக்கா முந்திக்கொண்டார். "கொத்தனார் மறந்துட்டுப் போகல மேஸ்திரி. நாங்கதான் சொல்லி வச்சோம்."

நாங்கள் இருவரும் மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிய தட்டி வீடுகளில் பிறந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மூங்கில் தட்டி, அதில் ஒரு ஓட்டை. அடுப்பு நெருப்பும் குழம்பும் அதன் வழியே போய்வரும். ஷிப்ட் முடிந்தும், சுரங்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வராத நாட்களில், எங்கள் அம்மாக்கள் அதற்குள் கைவிட்டு ஒருவரையொருவர் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வீடுகளில் சன்னலே கிடையாது. அதற்காக யாருக்கும் நோட்டீஸ் போனதில்லை. கூலிக்காரன் சொந்தமாகச் சுவர் எழுப்பினால்தான் சட்டம் அளக்க வருகிறது.

பதில் எழுதி மேஸ்திரியிடமே கொடுத்தேன். "ரோசக்காவின் மகன் இன்னும் சுரங்கத்தில் இறங்குகிறான். அவன் வேலையை விட்ட மறுநாள் அடைக்கிறேன்."

மேஸ்திரி போனதும் ரோசக்கா கேட்டார். "இடிச்சிட்டா இன்னா பண்ணுவ?"

"உன் வூட்டுக்கு வந்துடுவேன்க்கா."

"ஒரே சுவருடா பைத்தியமே, என் வூடும்தான் வுழும்!"

அதை நான் யோசிக்கவில்லை. இரண்டு குடும்பத்துக்கு இடம் இருந்தால் சொல்லுங்கள். நடுவில் ஓட்டை இருந்தால் நல்லது.