பலகைப் பரீட்சை

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புக்குப் போகும்போது பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்கு இங்கிலீஷும் கணக்கும், இன்னொன்றுக்குத் தையலும் சமையலும். யார் எந்தப் பக்கம் என்று அதுவரை வகுப்பு டீச்சர்தான் சொல்லிவந்தாள். அந்த வருஷம் தலைமை ஆசிரியைக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. டீச்சர்களுக்கு வேண்டிய பிள்ளை, வேண்டாத பிள்ளை உண்டு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

இனிமேல் பரீட்சை வைத்துப் பிரிப்பதற்காகக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். முந்தின நாளே அவர் அனுப்பிவிட்ட தோல்பெட்டிக்குள் ஒரு மரப்பலகை. அதில் வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை என்று பள்ளங்கள் வெட்டியிருந்தன. பள்ளங்களுக்குப் பொருந்தும் கட்டைகளைக் கலைத்து வைப்பார். பிள்ளை எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறாள் என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்பார்.

"இது படிப்பை அளக்கலை. பிறவியிலயே இருக்கிற புத்தியை அளக்குது. சொல்லிக்குடுத்து வர்றது இல்ல இது" என்றார்.

ஒரு வருஷம் கூடவே உட்கார்ந்து எனக்குப் பிடிபடாதது இவருக்கு ஒரு நிமிஷத்தில் எப்படிப் பிடிபடும் என்று தோன்றியது.

என் வகுப்பில் அல்சூரிலிருந்து வரும் ஒரு பெண் கடைசி பெஞ்சில் உட்காருவாள். ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கி விழுவாள். அவள் முறை வந்ததும் இரண்டு கைகளாலும் கட்டைகளை அள்ளிப் பொருத்தினாள். சிலவற்றை அவள் பார்க்கக்கூட இல்லை. வந்தவர் கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். பள்ளியிலேயே அவள்தான் முதல். எல்லோரும் முதலாவதாக வருவாள் என்று நினைத்திருந்த டாக்டர் வீட்டுப் பெண் அவளுக்கு வெகு பின்னால்.

மாலையில் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து சாயங்காலம் பெட்டி எங்க இருந்துது?"

"என் வகுப்பு அலமாரியில, மேடம். நீங்கதான் வைக்கச் சொன்னீங்க."

"சாவி?"

"என்கிட்ட."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் கைப்பையில் இருந்த சாவி ஒரு திருட்டுச் சாமான் போல உறுத்தியது. பிறகு என் மனசும் அதே வழியில்தான் போனது. அந்தப் பெண்ணே அலமாரியைத் திறந்திருப்பாளோ?

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எப்படி அவ்வளவு வேகமா செஞ்ச?"

"எங்க வீட்ல இருக்குதே, டீச்சர்."

"என்ன இருக்கு?"

"அந்தப் பலகை."

பள்ளி விட்டதும் அவளோடு நடந்தேன். அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்து. வாசலில் அவள் அக்காவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், பழைய பெட்டிப் பலகையில் செதுக்கின அதே வட்டம், சதுரம், நட்சத்திரம். கட்டைகளின் ஓரம் கைபட்டுக் கைபட்டு மழுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா முந்தானையை எடுத்துப் பலகை மேல் போட்டாள்.

"யார் அனுப்புனாங்க உங்கள? ஃபேக்டரியில இருந்தா?"

"தங்கச்சியோட டீச்சர்மா நான்."

தங்கை தலையாட்டிய பிறகும் அவள் முந்தானையை எடுக்கவில்லை. தங்கைதான் விஷயத்தைச் சொன்னாள். ராணுவத்துக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை புதிதாகப் பெண்களை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அங்கே வைக்கிற பரீட்சை இந்தப் பலகைதான். ஒரு தடவை போய்த் தோற்றுத் திரும்பிய அக்கா, வடிவங்களை ஞாபகம் வைத்துத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டாளாம். சந்தில் பாதிப் பேர் அதில்தான் பழகினார்கள். தங்கைக்கு அது சாயங்கால விளையாட்டு.

"ஃபேக்டரிக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"மேஸ்திரிக்குத் தெரியும்மா. கை பழகிட்டு வந்தா எங்களுக்கும் பேஜாரு இல்லன்னாரு. ஆனா மேல இருக்கறவங்க எப்படியோ. நீங்க போயி சொல்லிடாதீங்க."

தொழிற்சாலையில் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பள்ளியில் சொல்லித்தான் ஆகவேண்டும். இல்லையென்றால் பழி என் தலையில் இருக்கும்.

நான் சொன்னதைக் கேட்டதும் தலைமை ஆசிரியை கல்லூரிக்காரரை வரவழைத்து, என்னையும் வைத்துக்கொண்டு கேட்டார். "இந்தப் பலகை வேற எங்கயாவது போகுதா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "தொழிற்சாலைங்களுக்கும் நாங்கதான் குடுத்தோம். அங்க கைவேகம் மட்டும்தான் பாக்கறாங்க."

"அதே பலகை அங்க கையை அளக்கும், இங்க புத்தியை அளக்குமா?"

அவர் ஏதோ விளக்கினார். எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது போலிருந்தது. தலைமை ஆசிரியை இப்போது அவரையும் என்னைப் பார்த்தது போலவே பார்த்தார். கடைசியில், அந்தப் பெண்ணின் முடிவை அடித்துவிடலாம், அவள் பழகி வந்தவள் என்றார்.

"டாக்டர் வீட்டுப் பொண்ணும் பழகினவதான், மேடம்" என்றேன். "சவுத் பரேட் கடையில வாங்கின மரப்புதிர் பெட்டி பெட்டியா வச்சிருக்கா. வகுப்புக்கே கொண்டுவந்து காட்டினா."

"அது விளையாட்டு."

"இவளுக்கும் விளையாட்டுத்தான்."

அந்தப் பெண்ணுக்காகத்தான் பேசினேனா, என்னைச் சந்தேகப்பட்டதற்குப் பதில் கொடுத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. முடிவாக, கிறிஸ்துமஸ் வரை அவளை இங்கிலீஷ் பிரிவில் வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடானது.

அதற்குப் பிறகும் அவள் அங்கேயே இருந்துவிட்டாள். அபாரமாக ஒன்றும் படிக்கவில்லை. மோசமும் இல்லை, நடுவில் எங்கோ இருந்தாள். அக்காவுக்கு இரண்டாம் தடவை போனபோது வேலை கிடைத்தது. திருகாணிகளைப் பொறுக்கிப் பிரிக்கும் மேசையில் உட்கார வைத்தார்களாம். அந்த வேலைக்கு நட்சத்திரமும் சிலுவையும் எதற்கு என்று தங்கை என்னைக் கேட்டாள்.

அடுத்த வருஷம் வேறு பெட்டி வந்தது, அரக்கு முத்திரையோடு. அது தலைமை ஆசிரியையின் அறையில் இருந்தது. பரீட்சை நடக்கும்போது டீச்சர்கள் வராந்தாவில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. என் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் திரும்பினார்கள். உள்ளே என்ன இருந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஜன்னலண்டை தலைமை ஆசிரியை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வராந்தாவில் நின்ற எங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.