லொறிக்கு விட்ட தண்ணீர்

மனைவி இறந்து மூன்று மாதம் கழிந்தபோது லொறியின் எஞ்சின் வழமையை விடச் சூடாக ஓடத் தொடங்கியது. கொதிக்கவில்லை, நீராவி கிளம்பவுமில்லை. வெப்பம் காட்டும் முள் எப்போதும் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். இப்போது கோட்டைத் தாண்டி ஒரு விரலளவு மேலே நின்றது. வேறு யாராவது ஓட்டியிருந்தால் கவனித்திருக்கமாட்டார்கள். நான் அந்த லொறியை இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறேன்.

வீடு சரவணையில். யாழ்ப்பாணத்தில் சீமெந்து, அரிசி, கூரைத்தகடு என்று கிடைப்பதை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போவேன். அங்கே இறக்கினால் சாமான்கள் வள்ளத்தில் நெடுந்தீவுக்குப் போகும். நான் வெறும் லொறியோடு திரும்புவேன்.

முதலில் சோளகத்தைத்தான் குறை சொன்னேன். அந்த மாதங்களில் தென்மேற்குக் காற்று விடாமல் அடிக்கும். குறிகட்டுவானிலிருந்து திரும்பும்போது காற்று பின்பக்கம் இருப்பதால் ரேடியேற்றருக்குள் காற்றுப் போவது குறைவு. கொஞ்சம் சூடேறும்தான். ஆனால் ஒருநாள், சுமையும் அதிகமில்லாமல் காற்றுக்கு எதிரே, கடலுக்குக் குறுக்கே போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் போகும்போதும் முள் இறங்கவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து படலையைத் திறந்தவுடன், "இஞ்சேரும், லொறி சுடுது" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. குசினிக் கதவு பூட்டியபடியே இருந்தது.

அடுத்த நாள் வேலணையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என்னைவிட இருபது வயது இளையவன், அதிகம் கதைக்கமாட்டான். முதலில் விசிறிப் பட்டியை அழுத்திப் பார்த்தான். அது இறுக்கமாகத்தான் இருந்தது. சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் தேமோஸ்ரற்றைக் கழற்றி, தேநீருக்குக் கொதித்த தண்ணீரில் போட்டான். அது ஒழுங்காகத் திறந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினான். பிறகு ரேடியேற்றரின் மேல் உள்ளங்கையை மெதுவாக நகர்த்தினான்.

"இஞ்சை கை வைச்சுப் பாருங்கோ அண்ணை."

மேலே சுட்டது. கீழே ஒரு பக்கம், என் அகன்ற கையளவு இடம், குளிர்ந்து கிடந்தது.

"அதுக்குள்ளை தண்ணி ஓடேல்லை. அடைச்சுப் போச்சு."

ஆறியபின் கழற்றினான். மேல்தட்டைத் திறந்ததும் குழாய்களின் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தது, தண்ணீர் கொதிக்கவைக்கும் பழைய கேத்திலுக்குள் இருப்பதுபோல. நகத்தால் சுரண்டி எனக்குக் காட்டினான்.

"என்ன தண்ணி விடுறனீங்கள்?"

"கானிலை இருக்கிற தண்ணிதான். வளவுக் கிணத்துத் தண்ணி."

"உங்கடை கிணத்துத் தண்ணி உப்புச் சவரெல்லே?"

"இருபத்தாறு வருசமா அதைத்தானே விடுறன்."

அவன் தலையை ஆட்டினான். "இல்லை அண்ணை. இது புதுப்படிவு. அஞ்சாறு மாசத்துக்குள்ளை வந்தது. இவ்வளவு காலமும் நீங்கள் நல்ல தண்ணி விட்டிருக்கிறியள்."

அந்த ரேடியேற்றரில் ஒரு சின்ன ஒழுக்கு இருந்தது. தினமும் காலையில் ஒரு போத்தல் தண்ணீராவது விடவேண்டும். அதற்கான பிளாஸ்ரிக் கான் குசினி வாசலில் எப்போதும் நிறைந்திருக்கும். என் மனைவி கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வைக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபின் கான் வெறுமையாகக் கிடந்தது. நானே கிணற்றில் நிரப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலியடியில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் என் மனைவியோடு நெருங்கிப் பழகியவள்.

"அது சந்தியிலை இருக்கிற தாங்கித் தண்ணியெல்லே அண்ணை" என்றாள். "நல்லதண்ணிப் பவுசர் வந்து தாங்கியை நிரப்புற நாளெல்லாம் அக்கா ரெண்டு கான் கொண்டு வருவா. ஒண்டு குசினிக்கு, ஒண்டு லொறிக்கு. உங்கடை லொறி எங்களைவிட நல்ல தண்ணி குடிக்குது எண்டு நாங்கள் பகிடி பண்ணுவம்."

"எப்ப வரைக்கும் கொண்டு வந்தவா?"

அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின கிழமையும் வந்தவா. கால் ரெண்டும் வீங்கியிருந்தது. நான் தூக்கித் தாறன் எண்டன், விடேல்லை. அவருக்குச் சொல்லிப்போடாதை, தெரிஞ்சா ஏசுவார் எண்டவா."

என் மனைவிக்கு இதயம் பலவீனம். பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும்; அவர் சொன்னபோது நானும் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கிணற்றில் தண்ணீர் அள்ளக் கூடாது என்று மோட்டார்கூடப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் செய்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன்.

அன்றிரவு படுத்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆட்டோவில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். மூச்சு வாங்குகிறது. பண்ணைப் பாலத்தில் என் கையைப் பிடித்து, "இஞ்சேருங்கோ, லொறித் தண்ணி..." என்றாள்.

"லொறியை விடும். இப்ப அதோ முக்கியம்?" என்றேன்.

அன்போடுதான் சொன்னேன், ஆனால் குரல் உரத்துவிட்டது. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பேசினோம். அதை மட்டும் அவள் திரும்ப எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மெக்கானிக் படிவைக் கரைத்துக் கழுவி, ஒழுக்கையும் பற்றவைத்துத் தந்தான். முள் பழைய இடத்துக்கு இறங்கியது. "இனிப் பயமில்லை அண்ணை" என்றான். ஓம் என்றேன். சந்தோசப்பட ஏலாமல் இருந்தது. கனடாவிலிருந்து மகள் கோல் எடுத்தபோது லொறி திருத்தியாயிற்று என்று மட்டும் சொன்னேன். "தனிய இருக்க ஏலாட்டி இஞ்சை வாங்கோ அப்பா" என்றாள். யோசிப்பம் என்றேன்.

பவுசர் வந்த நாள் இரண்டு கானோடு சந்திக்குப் போனேன். வரிசையில் எல்லாரும் பெண்கள். "முன்னுக்கு வாங்கோ அண்ணை" என்று விலகினார்கள். வேண்டாம் என்று பின்னால் நின்றேன். வெயில் ஏறியது. நிரப்பித் தூக்கிக்கொண்டு நடந்தபோது பாதி வழியிலேயே கை கடுத்தது. மதகடியில் ஒரு தட்டையான கல் கிடந்தது. அதில் கான்களை இறக்கினேன்.

பின்னால் வந்த பக்கத்து வீட்டுப் பெண், "அக்காவும் இதிலைதான் வைச்சு ஆறுறவா" என்றாள்.

நான் கான்களுக்குப் பக்கத்தில் அந்தக் கல்லிலேயே இருந்துவிட்டேன். அவள் தன் குடத்தை இறக்காமல், இடுப்பில் வைத்தபடியே, நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.