குண்டூசி போட்ட ஓட்டைகள்

பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, டென்ட்டுக்காரரின் கைகள் அந்தத் தண்ணீர் புகாத உடையின் காலைப் பொறுமையாகத் தடவிக்கொண்டே போயின. கழுத்தைப் பந்தாலும் மணிக்கட்டுகளைப் பாட்டில்களாலும் அடைத்துக் காற்றடித்திருந்ததால், மேஜைமேல் அது தலையில்லாத ஆள் மாதிரி விறைத்துக் கிடந்தது. ஓட்டை இருந்தால் அங்கே குமிழி கிளம்பும்.

கிளம்பியது. தைத்த இடத்தில் அல்ல. அங்கே ஒட்டிய பட்டை அசையாமல் நின்றது. இரண்டு விரல் தள்ளி, ஒரே இடைவெளியில், வரிசையாகக் குமிழிகள். யார் கைவேலை என்று டென்ட்டுக்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது.

டென்ட், தார்ப்பாய், மழைக்கோட்டு என்று முப்பது வருடமாகத் தைக்கிறவர். யாரிடமும் போய்க் கற்றதில்லை. பிரித்துப் பார்த்தே பழகிய கை. அவர் மச்சினன் நாற்பது வயதில் துடுப்புப் படகுச் சங்கத்தில் சேர்ந்து, யாரோ ஒரு நெட்டையர் போட்டுப் பழகிய டிரைசூட்டை வாங்கி வந்தான். குளிர்ந்த ஆற்றில் கவிழ்ந்தாலும் உடம்பில் தண்ணீர் படாமல் காக்கும் முழு உடை.

"புதுசே வாங்கிடட்டுமா மாமா? சங்கத்துல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்று அவனுக்கு அதை மாட்டி ஸ்டூலில் ஏற்றி, அளவைக் குறைக்க வாய் நிறையக் குண்டூசியோடு காலையும் இடுப்பையும் பிடித்துப் பிடித்துக் குத்தினார்.

"இதுல ஊசி குத்தலாமா மாமா?"

"ஆடாம நில்லு மாப்ளே. கல்யாணக் கோட்டுக்கு அளவெடுத்தப்பவும் இப்படித்தான் நெளிஞ்ச."

சாதாரணத் துணியில் விழுந்த துளை, இஸ்திரிப் பெட்டி பட்டதும் மூடிக்கொள்ளும். இதில் குத்தினது குத்தினதுதான். கிளிப் போட்டிருக்கலாம், சாக்பீஸால் கோடிழுத்திருக்கலாம். அவனே கேட்டான், இவர் கிண்டலடித்தார்.

குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து மச்சினன் போன் செய்தான். "ரெடியா மாமா? ஞாயித்துக்கிழமை ஆத்துல இறங்குறோம்."

"தையல் ரெடிதான். ஆனா சூட்டு ஏற்கெனவே சல்லடை மாப்ளே. முன்னாடி போட்டவரு எங்கயோ முள்ளுல உரசியிருக்காரு." வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது.

"நல்ல சூட்டுன்னு சொன்னாரே! இருங்க, அந்தாளை நான் கேக்கறேன்." வைத்துவிட்டான்.

பக்கத்து மிஷினில் ஜிப் மாற்றிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "முள்ளு உங்க வாயிலயில்ல இருந்துச்சு."

டென்ட்டுக்காரருக்குக் காது மடல் சுட்டது. மச்சினனைக் கூப்பிட்டார், வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டபோதும் அப்படித்தான். அந்த நெட்டையரிடம்தான் பேசுகிறான் என்று புரிந்த பிறகு மூன்றாவது தடவைக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை. உடையை உள்வெளியாகப் புரட்டினார். ஒவ்வொரு துளையையும் பென்சிலால் வட்டமிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, சட்டைப் பித்தான் அளவுக்கு ஒட்டு வெட்டிப் பசை தடவி, உருளையால் அழுத்தினார். மூன்று முறை காற்றடித்துப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. நேராகப் புரட்டி மடித்துவிட்டால் எவன் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை காலை மச்சினன் வந்தான். உடை புரட்டினபடியே மேஜையில் கிடந்தது.

"என்ன மாமா, உள்பக்கம் வெளிய இருக்கு?"

"பாத்துக்கோ. அறுபத்திமூணு ஒட்டு. அத்தனையும் நான் குத்தின குண்டூசி. முள்ளுன்னு சொன்னது பொய். அவரு குடுத்தது நல்ல சூட்டு."

மச்சினன் ஒட்டுகள்மேல் விரலை ஓட்டினான்.

"நான் கத்தினதுக்கு அந்த மனுஷன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு மாமா."

டென்ட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "அவரு நம்பரைக் குடு. நானே பேசறேன்." உடையைத் தட்டிக் காட்டினார். "நாளைக்கு ஆறு வேணாம். முதல்ல கரையோரம் இடுப்பளவுத் தண்ணியில உக்காந்து பாரு. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் போடாத. புதுசு நான் வாங்கித் தரேன்."

மச்சினன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவர் உடையை அப்படியே, ஒட்டுகள் மேலே தெரிய, அந்தக் கைகளில் வைத்தார்.