எண்பத்தெட்டு நாள் மூத்தவன்

கிரிக்கெட்டில் எனக்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். மட்டையைப் பிடித்து ஒரு பந்தும் ஆடியதில்லை. தொண்ணூறுகளில், மகாபலிபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே ஒரு ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன்; அங்கே வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டுக்குப் போய் மாவட்ட லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவேன். பத்து வருடத்தில் என் கூட்டல் தவறியது இரண்டே முறை. இரண்டுக்கும் அன்றிரவு தூங்கவில்லை.

அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். குழுவில் இரண்டு பேர்தான். மற்றவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு காலத்தில் வேகப்பந்து போட்டவர். அவர் கண்ணால் பார்ப்பார், நான் நோட்டில் குறிப்பேன்.

அந்த வருடம் ஜூலையில் ஒரு இடதுகைப் பையன் வந்தான். கடற்கரை மணலில் டென்னிஸ் பந்து போட்டுக்கொண்டிருந்தவன். அப்பாவோடு சவுக்கு வெட்டும் வேலை. இரவல் ஷூ, இரண்டு அளவு பெரியது, முன்னால் துணி திணித்திருந்தான். பதின்மூன்று தப்படி ஓடிவந்து போட்ட முதல் பந்து மட்டைக்காரனைத் தாண்டி வெளியே போவதுபோல் வந்து, கடைசி இரண்டு அடியில் உள்ளே திரும்பி நடு ஸ்டம்பை எடுத்தது. மேட்டிங் பாய் விரித்த பிட்ச்சில் பந்து அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை.

"வாத்தியாரே, கை இன்னா நீளம் கீது பாத்தியா?" என்றார் ரயில்வேக்காரர்.

"ஒரு பந்தை வைத்துச் சொல்ல முடியாது."

"நீ எண்ணிக்கினே இரு. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

நான் எண்ணினேன். ஆறு ஞாயிறு, வாரத்துக்கு ஆறு ஓவர், மொத்தம் இருநூற்றுப் பதினாறு பந்து. குட் லெங்த் என்கிற நல்ல நீளத்தில் விழுந்தவை நூற்று முப்பத்தேழு. உள்ளே திரும்பியவை எண்பத்து நாலு. முதல் வாரம் ஓவருக்கு ஒரு பந்து காலுக்கு வெளியே ஓடியது. ஆறாவது வாரம் மொத்தமே ஒன்று. களைத்த பிறகும் வேகம் குறைகிறதா என்று ஒவ்வொரு ஓவரின் கடைசிப் பந்தையும் தனிக் கட்டத்தில் குறித்தேன். குறையவில்லை.

மாவட்ட அணியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்வதாகச் சென்னையில் ஒரு கல்லூரி சொல்லியிருந்தது. வராவிட்டால் சவுக்குத் தோப்புதான்.

ஆறாவது ஞாயிறு முடிந்ததும் பையன் என் மேஜைக்கு வந்து நின்றான்.

"சார், என்னைத் தெரியலையா? உங்ககிட்டதான் ஒண்ணாவது படிச்சேன்."

எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர்கள் இருநூறு பேருக்கு மேல். சிரித்து வைத்துவிட்டு, அவன் கொண்டுவந்த சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி ஜூன் ஐந்து. செப்டம்பர் முதல் தேதிக்குப் பத்தொன்பது முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. விரல் விட்டு எண்ணினேன். ஜூனில் இருபத்தைந்து, ஜூலையில் முப்பத்தொன்று, ஆகஸ்டில் முப்பத்தொன்று, அதோடு ஒன்று. எண்பத்தெட்டு நாள் அதிகம்.

அப்புறம்தான் அந்த ஜூன் ஐந்து யாருடையது என்று உறைத்தது. அது என்னுடையது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில்தான் பிறந்தார்கள். எங்கும் பதிவு இல்லை. பள்ளியில் சேர்க்க வந்தால், கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் எதிர்க் காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. உடனே ஐந்து முடிந்ததாகக் கணக்கு வரும்படி, ஜூன் முதல் வாரத்தில் ஒரு தேதியை எழுதிவிடுவோம். நான் எப்போதும் ஐந்தாம் தேதி எழுதுவேன்.

இவனைச் சேர்த்த வருடம் பள்ளியில் முப்பத்தொன்பது பிள்ளைகள். நாற்பது இருந்தால்தான் இரண்டாவது ஆசிரியை இடம் நிலைக்கும். காலையில் மூன்று முறை எண்ணினேன், முப்பத்தொன்பதுதான். அப்போது இவனுடைய அம்மா இடுப்பில் இவனைத் தூக்கிக்கொண்டு, அண்ணன்காரனுக்குச் சோறு கொடுக்க வந்தார். இவனை இறக்கி நிற்க வைத்துக் காதைத் தொடச் சொன்னேன். வலது கை எட்டவில்லை, ஒரு விரல் அளவு குறைந்தது.

"கார்த்தி மாசம் வந்தாதான் அஞ்சு சார் இவனுக்கு," என்றார் அம்மா.

"இன்னொரு கையால் தொடு," என்றேன்.

இடது கை எட்டியது. காதைத் தொட்டதோடு நில்லாமல் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரித்தான். நாற்பது என்று எழுதினேன்.

இதை ரயில்வேக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கைதான்யா இது," என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே செங்கல்பட்டில் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். தேதியைத் தவறாக எழுதியது நான்தான், பையன் கார்த்திகையில் பிறந்தவன், இன்னும் பத்தொன்பது முடியவில்லை என்று கையெழுத்துப் போட்டு ஒரு மனு. முதல் நாள் அதிகாரி இல்லை. இரண்டாம் நாள் மனுவை வேறு படிவத்தில் கேட்டார்கள். மூன்றாம் நாள்தான் எழுத்தர் அதை முழுதாகப் படித்தார்.

"சார், பத்தாவது மார்க் ஷீட்ல ஏறிட்ட தேதி. இங்க யாரும் கை வைக்க முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டு எதுனா கீதா?"

"வீட்டில் பிறந்தவன். நானே தப்பு என்று எழுதிக் கொடுக்கிறேனே?"

"எத்தினி பசங்களுக்கு இந்த மாதிரி எழுதினீங்க?"

எண்ணி வைத்திருந்தேன். "நூற்றுப் பன்னிரண்டு."

"அப்ப நூத்திப் பன்னெண்டு பேரும் நாளைக்கு வந்து இங்க நிப்பான். எனக்கே ஜூன்லதான் சார் பர்த்டே. எங்கம்மா கேட்டா மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்னு சொல்லும். நான் யார்கிட்ட மனு குடுக்க?" மனுவை மடித்து என் கையிலேயே வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பென்ஷனுக்குத்தான் வில்லங்கம்."

அன்று சாயங்காலம் பையனின் அப்பா பள்ளிக்கு வந்தார். கையில் பட்டைக் கறை, சட்டையில் சவுக்கு இலை.

"இன்னா சார், நீங்கதான எழுதுனீங்க? ரிஜிஸ்டர் உங்க பீரோலதான கீது? ஒரு கோடு போட்டு மாத்திட்டா ஆச்சு."

"இங்கே மாற்றினால் மார்க் ஷீட்டில் மாறாது. இரண்டும் வேறாக இருந்தால் பையன் மேல்தான் சந்தேகம் வரும்."

"அன்னிக்கு என் பொஞ்சாதி கார்த்தின்னு சொன்னாளாமே?"

"சொன்னார்."

"அப்பவே போம்மா, அடுத்த வருசம் வான்னு அனுப்பியிருக்கலாமே சார்." கோபமாகச் சொல்லவில்லை. சட்டையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டார். பிறகு, "சரி சார், இருட்டுது," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நாற்பது பிள்ளைகள் கணக்கை அவரிடம் நான் சொல்லவில்லை.

தேர்வு நாளன்று பதினைந்து பெயர்களை நான்தான் வாசித்தேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று எப்போதும் என்னிடமே பட்டியல் எழுதக் கொடுப்பார்கள். பையன் எல்லாப் பெயரையும் நின்று கேட்டான். அவனுக்கு விஷயம் தெரியும். இருந்தும் பதினைந்தாவது பெயர் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பயிற்சியாளர், தேர்வானவர்களுக்கு வலையில் பந்து போட ஆள் போதவில்லை என்றார். அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. "தம்பி, லெஃப்டு, சும்மாதான நிக்கிற? நாலு ஓவர் போடேன்."

பையன் என்னைப் பார்த்தான். "போடட்டுமா சார்?"

வேண்டாம், வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். போடு என்றும் சொல்லியிருக்கலாம். நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தேன். அவனே ஷூவில் துணியைச் சரியாகத் திணித்துக்கொண்டு பதின்மூன்று தப்படி அளந்தான்.

இருபத்து நாலு பந்து போட்டான். பத்தொன்பது நல்ல நீளம். பதினொன்று உள்ளே திரும்பின. அணிக்கு முதலில் ஆட எடுத்த பையன் மூன்று முறை ஸ்டம்பைப் பறிகொடுத்துவிட்டு, "மச்சான், மெதுவா போடுடா," என்று கும்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், பந்து போட்டவனும் சிரித்தான்.

நோட்டில் அவன் பக்கத்தை முந்தின வாரமே கூட்டிக் கோடு போட்டு மூடியிருந்தேன். அந்தக் கோட்டுக்குக் கீழே இருபத்து நாலையும் குறித்தேன். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல், கூட்டாமல் விட்டேன். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பக்கம் இன்னும் கூட்டப்படாமலே இருக்கிறது.