பெரிய வெள்ளிக்கு ஆர்மோனியம் கிடையாது

கோயிலுக்குப் பாட்டுக் கட்டுகிறவனின் தப்பை ஆண்டவர் மன்னித்துவிடுவார், பாடகர் குழு மன்னிக்காது. உங்களில் யாராவது ஒரு பங்கில் பாடகர்களை வைத்து மேய்த்திருந்தால் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

எழுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலத்தில் கோயில் பாட்டு வாத்தியார். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெரிய வெள்ளியன்று ஜனங்கள் வரிசையில் வந்து சிலுவையை முத்தி செய்யும்போது, அதாவது முத்தமிடும்போது, பாடுவதற்கு, நாலு குரலில் ஒரு நீளமான பாட்டு கட்டினேன். என் ஆயுசில் நான் கட்டிய பெரிய வேலை அது ஒன்றுதான். அது நிற்குமா விழுமா என்று அந்தத் தவக்காலம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஷிப்ட் பார்த்து எழுதிய ஸ்வரம்

நாலு குரல் என்றால் பெண்களில் இரண்டு, ஆண்களில் இரண்டு. என் ஆண்களோ மூன்று ஷிப்டில் சிதறிக் கிடந்தார்கள். மேல்குரல் பாடும் இருவர் ஒரே மெஷினில் ஷிப்ட் மாற்றி நிற்பவர்கள். ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போகமுடியும். அவர்கள் இருவரையும் சேர்த்து வைத்து நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஷிப்ட் அட்டவணையைப் பக்கத்தில் விரித்துக்கொண்டுதான் ஸ்வரம் எழுதினேன். இந்த வாரம் யாருக்குப் பகல் ஷிப்டோ அவர்களுக்கு இந்த வாரம் பாடம்.

பெண்கள் ஒரு நாளும் தவறமாட்டார்கள். செங்கல் சூளையில் வேலை முடித்து, முகம் கழுவிக்கொண்டு நேரே வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தலைவி லூர்துமேரி. ஆண்கள் பாடவேண்டிய இடம் வந்தால் நான் விரலை எண்ணிக்காட்டுவேன். அவர்கள் காத்திருந்து அடுத்த வரியைப் பிடிப்பார்கள். மூன்றாவது வாரம் லூர்துமேரி பொறுமையாகச் சொன்னாள்: "ஆம்பளைங்க பாடற எடத்துல சும்மா நின்னுக்கினு இருக்கோம் சார். மாப்ள வராத கல்யாணத்துல மோளம் அடிக்கற மாதிரி இருக்கு."

முழங்கால் கணக்கு

பெரிய வியாழன் பூசையோடு மணியையும் ஆர்மோனியத்தையும் நிறுத்திவிடுவது எங்கள் கோயில் வழக்கம். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். ஆகவே என் பாட்டுக்கு வாத்தியத் துணை கிடையாது. வெறும் குரல்தான் நிற்கவேண்டும். ஆர்மோனியத்தை மூடிவைத்தே பழக்கினேன். ஆச்சரியம், ஸ்ருதி இம்மியும் அசையவில்லை. தொடங்கிய இடத்திலேயே முடித்தார்கள். என்னிடம் ஏதோ வரம் இருக்கிறது என்று நானே நம்பத் தொடங்கினேன்.

பங்குச் சாமியார் தெற்கத்திக்காரர், கண்டிப்பானவர். ஒரு மாலை வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாராட்டப் போகிறார் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. ஆனா ஜனங்க இவ்வளவு நேரமும் முழங்கால்ல இருக்குமே. அந்த முழங்காலையும் சேத்துக் கணக்குப் போடுங்க."

சவரிமுத்து

இரண்டு சரணங்களை வெட்டினேன். அடுத்து ஒரு ஆளையும் வெட்டினேன். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சவரிமுத்து பட்டறையில் சம்மட்டி மெஷினில் வேலை செய்பவர். எளாவூர் பக்கத்து ஆள். பழுத்த இரும்பை அந்த மெஷின் அடிக்கும் அடியில் பல வருஷம் நின்று, காது பாதிக்கு மேல் போய்விட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. அப்படி ஒரு ஆழமான கட்டைக் குரலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் மற்றவர்கள் பாடுவது கேட்காததால் சத்தமாகப் பாடுவார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் குரல் ஒரு வினாடி தனியாக நிற்கும். மற்றவர்கள் சிரிப்பை அடக்குவார்கள். துக்கப் பாட்டில் சிரிப்பு வந்தால் என்ன ஆவது?

ஒருநாள் பாட்டுப் பழக்கம் முடிந்ததும் அவரைத் தனியாக அழைத்தேன். வரிசையில் நில்லுங்கள், குரல் மட்டும் வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வாயைத் திறந்து மூடிக் காட்டினேன். காது போய்க்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு மிச்சம் இருந்தது இந்தப் பாட்டுதான் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே செய்தேன். அவர் என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வாய மட்டும் அசைக்கணுமா சார்? சரி சார், அசைக்கறேன்."

மின்வெட்டு

பெரிய வெள்ளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பழக்கத்தின் நடுவில் மின்சாரம் போனது. வெளிச்சம் இருந்ததால் நிறுத்தாமல் பாடினோம். நாலாவது வரியில் குரல்கள் சரிந்தன. மேல்குரல் ஒரு பக்கம், கீழ்க்குரல் ஒரு பக்கம். மறுபடி தொடங்கினோம். மறுபடி சரிந்தது. மூன்றாவது தடவை லூர்துமேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்கு உறைக்க நேரமாயிற்று. கோயிலுக்குப் பின்னால் இரும்புக் கம்பி இழுக்கும் மில் ஒன்று இருந்தது. உலைக்குக் காற்று ஊதும் அதன் மெஷின், ராப்பகலாக ஒரே ஸ்ருதியில் இரைந்துகொண்டிருக்கும். பழகிப்போய் எங்களில் யாருக்கும் அது காதில் விழுவதே இல்லை. மின்சாரம் போனதும் அதுவும் நின்றிருந்தது. நான் பாட்டைக் கட்டியது அந்த ஸ்ருதியில்தான். அவர்கள் பாடியதும் அதன் மேல் சாய்ந்துதான். பெரிய வெள்ளியன்று மில்லுக்கு விடுமுறை. என் வரம் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த அமைதியில் வரிசையின் ஓரத்திலிருந்து மெல்லிய முனகல் வந்தது. சவரிமுத்து வாயை மூடிக்கொண்டு தனக்குள் முனகிக்கொண்டிருந்தார். ஸ்ருதி சரிபார்க்கும் இரும்புக் கவையைத் தட்டிப் பார்த்தேன். அவர் நின்றது சரியாக மில் இரைந்த அதே ஸ்வரத்தில். மில்லின் இரைச்சல் அவருக்கு என்றுமே கேட்டதில்லை. அதனால் முதல் நாள் நான் அவர் காதருகே பாடிக் கொடுத்த ஸ்வரத்தை, தன் நெஞ்சு அதிர்வதை வைத்தே பிடித்துவைத்திருக்கிறார். நான் நடந்ததை மற்றவர்களுக்கு விளக்கினேன். லூர்துமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இத்தினி நாளா ஆண்டவருக்குப் பாடல, மில்லுக்குத்தான் பாடிக்கினு இருந்தமா சார்?"

சத்தமாகக் கேட்ட மன்னிப்பு

அன்றிரவே கட்டைக் குரல் பாடவேண்டிய பகுதியை மாற்றி எழுதினேன். மில் செய்துவந்த வேலையை ஒரு மனிதனுக்குக் கொடுத்தேன். பாட்டு முழுக்க அடியில் ஒரே ஸ்வரம் நிற்கும், மற்ற மூன்று குரலும் அதன்மேல் நடக்கும். அதைப் பாட உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தார்.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பது சுலபமில்லை. காது கேட்காதவரிடம் கேட்பது இன்னும் கஷ்டம். மெதுவாகச் சொன்னேன், கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன், கையைக் காதில் குவித்தார். கடைசியில், "நான் பண்ணினது தப்பு, நீங்க இல்லாம பாட்டு இல்ல" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர் வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவமதித்தபோது ரகசியமாகச் செய்தவனுக்கு இது வேண்டியதுதான்.

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியாதே என்றார். என் வலது கையைப் பாருங்கள், விரித்திருக்கும்வரை பாடுங்கள், மூடினால் நிறுத்துங்கள் என்று செய்து காட்டினேன். மறுபடியும் மன்னிப்பை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து நடுவில் நின்றாள். "போதும் சார். அவருக்குக் கேட்டுச்சி. தெருவுக்கே கேட்டுச்சி."

பெரிய வெள்ளி

மில் நின்றிருந்தது. ஊரே காலியானது போல அப்படி ஒரு நிசப்தம். ஜனங்கள் செருப்பில்லாமல், வரிசையாக, முழங்காலால் நகர்ந்து சிலுவையை முத்தி செய்யப் போனார்கள். மரக்கட்டை ஓய்ந்ததும் கையை விரித்தேன். சவரிமுத்து தொடங்கினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அதன்மேல் ஏறினார்கள். இடையில் இரண்டு முறை பெண்குரல் தடுமாறியது. இரண்டு முறையும் அவர் அசையாமல் நின்றதால் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. ஷிப்ட் மாற்றி நிற்கும் அந்த இருவரையும், அவர்கள் மெஷினுக்கும் விடுமுறை என்பதால், அன்றுதான் சேர்த்துக் கேட்டேன்.

"உறங்கும் என் ஆண்டவரே" என்ற கடைசி வரியில் எல்லோரும் என் இடது கை எண்ணிக்கைப்படி நிறுத்தினார்கள். சவரிமுத்து நிறுத்தவில்லை. அந்த ஒற்றைக் குரல் கோயில் முழுக்க நின்றது. மூச்சு வாங்கினார், மறுபடி தொடர்ந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. முழங்காலில் இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். சாமியார் தலை நிமிரவில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது, அழுதுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கையைக் கீழே போட்டேன், அவரும் நிறுத்தினார்.

எல்லோரும் போனபின் அவர் பயந்தவராக என்னிடம் வந்தார். ஏதோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "என் மேல தப்பு இல்ல சார். நான் உன் கையத்தான் பாத்துக்கினு இருந்தேன், நீ மூடவே இல்ல."

மறு வருஷத்திலிருந்து அந்தக் கடைசி ஒற்றைக் குரலை ஸ்வரத்திலேயே எழுதிவிட்டேன்; இப்படி முடிக்கவேண்டும் என்று எப்படி ஐயா தோன்றியது என்று வேற்றூர்க் குழுக்காரர்கள் கேட்கும்போது, ஆண்டவர் அருள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன், அது பொய்யும் இல்லை.